ரிப்போர்ட்டை மாற்றிவிட்ட முடி மாத்திரை

கேள்வி: எனக்கு வயது 34, ஊர் நாமக்கல் பக்கம். எடை 72 கிலோ, உயரம் 156 செ.மீ. தைராய்டு குறைவுக்கு நான்கு வருடமாக 75 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்து வந்தேன். சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறது, சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது என்று மூன்று வருடமாக மெட்ஃபார்மின். முடி கொட்டுகிறதென்று ஆறு மாதமாக பயோட்டின் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை, உடனே டீ. ஏழரைக்குக் கேழ்வரகுக் கஞ்சி, அதோடு இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும். தோழி சொன்னதால் இரவில் பாலில் அமுக்கராப் (அஸ்வகந்தா) பொடி. மூன்று மாதத்துக்கு முன் ரத்தம் பார்த்தபோது டி.எஸ்.ஹெச். 0.08 என்றும் டி4 அதிகம் என்றும் வந்தது. படபடப்போ எடைக் குறைவோ எனக்கு இல்லை. டாக்டர் மாத்திரையை 25 ஆகக் குறைத்தார். இப்போது ஒரே அசதி, மலச்சிக்கல், எடை மூன்று கிலோ ஏறிவிட்டது, முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டுகிறது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், மரவள்ளி எல்லாம் நிறுத்திவிட்டேன். இரவுச் சாப்பாட்டையும் இரண்டு மாதமாக விட்டுவிட்டேன். 'ஹார்மோன் பேலன்ஸ்' பவுடர் ஒன்று 2,800 ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கலாமா? எதைச் சாப்பிட்டால் ஹார்மோன் சரியாகும்? என் ஒன்பது வயது மகளுக்கும் மிட்டாய் போல மெல்லும் பயோட்டின் 'கம்மி' (gummy) கொடுக்கிறேன், தப்பில்லையே?

பதில்:

அன்புள்ள சகோதரி,

பவுடர் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைப் பேச வேண்டியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் உங்கள் தைராய்டு உண்மையிலேயே எகிறியிருந்ததா என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இருக்கிறது.

பயோட்டின் ஒரு பி வகை வைட்டமின். ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம். நீங்கள் சாப்பிட்டது 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம். தேவையைப் போல 300 மடங்குக்கும் மேல். நீரில் கரையும் வைட்டமின், மிச்சம் சிறுநீரில் போய்விடும், கெடுதல் இல்லை என்று கடையில் சொல்லியிருப்பார்கள். உடம்பைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரிதான். சிக்கல் லேபில் இருக்கும் மெஷினில் வருகிறது.

பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றையொன்று பிடித்தால் விடாது. அந்தப் பிடியை நம்பித்தான் பல லேப் மெஷின்கள் ஹார்மோனை அளக்கின்றன. ஹார்மோனைப் பிடிக்கும் ஆன்டிபாடியில் பயோட்டினை ஒட்டி வைத்திருப்பார்கள். அது போய் ஸ்ட்ரெப்டாவிடினில் உட்கார்ந்ததும் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்று மெஷின் கணக்கெடுக்கும். ரத்தம் முழுக்க மாத்திரையிலிருந்து வந்த பயோட்டின் மிதந்தால், அதுவே முந்திக்கொண்டு எல்லா இடத்தையும் பிடித்துவிடும். டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன்; தைராய்டு கூடினால் அது குறையும், தைராய்டு குறைந்தால் அது கூடும். அதை அளக்கும் முறையில் இதனால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். தைராய்டு ஹார்மோன்களான டி4, டி3 அளக்கும் முறை நேர் எதிரானது. அங்கே பொய்யாகக் கூடிக் காட்டும். டி.எஸ்.ஹெச். குறைவு, டி4 அதிகம்: தைராய்டு மிகையாகச் சுரப்பவருக்கு வரும் அதே படம். ரிப்போர்ட்டை மட்டும் பார்க்கும் எந்த டாக்டரும் மாத்திரையைக் குறைக்கத்தான் செய்வார். பயோட்டின் பற்றி அவருக்குத் தெரிய வழியில்லை. அதனால் அவர் மீது வருத்தம் வேண்டாம்.

இது எங்கோ ஒருவருக்கு நடக்கும் அதிசயமும் இல்லை. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே இதுபற்றிப் பொது எச்சரிக்கை விட்டது. பயோட்டின் அதிகம் எடுத்துவந்த ஒருவருக்கு, மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனை பொய்யாகக் குறைவாக வந்து, அவர் இறந்தே போனார் என்பதை அந்த எச்சரிக்கையில் சொல்லியிருந்தார்கள். எல்லா மெஷினும் இப்படி ஏமாறாது. சில நிறுவனங்கள் முறையை மாற்றிவிட்டன. உங்கள் லேபில் எந்த முறை என்று கேட்டால் சொல்வார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது ஒரு சிறு வரிதான்: "படபடப்போ எடைக் குறைவோ எனக்கு இல்லை." டி.எஸ்.ஹெச். 0.08 அளவுக்கு உண்மையாகவே விழுந்திருந்தால் பலருக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், பசி எடுத்தும் எடை இறங்கும். உங்களுக்கு எதுவும் இல்லை. மாத்திரையைக் குறைத்த பிறகு வந்தவை, அதாவது அசதி, மலச்சிக்கல், எடை ஏற்றம், முடி உதிர்வு எல்லாமே தைராய்டு போதாததன் அறிகுறிகள்.

ஆனால் இன்னொரு வாய்ப்பையும் தள்ளிவிட முடியாது. அமுக்கரா தைராய்டு ஹார்மோனை நிஜமாகவே கூட்டக்கூடியது. அதைச் சாப்பிட்டுத் தைராய்டு மிகையாகிப் போனவர்களைப் பற்றியும், கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் வந்திருக்கின்றன. நம் சித்த மருத்துவத்தில் அமுக்கராவுக்கு இடம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சித்த மருத்துவர் நாடி பார்த்து, ஆளைப் பார்த்து, இத்தனை நாள் என்று கணக்கு வைத்துக் கொடுப்பது வேறு. தைராய்டு மாத்திரை சாப்பிடும் ஒருவர் தோழி சொன்னாள் என்று மாதக்கணக்கில் பாலில் கலக்கிக் குடிப்பது வேறு. தயவுசெய்து அதை இன்றே நிறுத்துங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பயோட்டினையும் இன்றோடு விட்டுவிடுங்கள். மூன்று நாள் கழித்துக் காலையில், அன்றைய தைராய்டு மாத்திரையைப் போடுவதற்கு முன், டி.எஸ்.ஹெச்., ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4) இரண்டையும் பாருங்கள். அந்த ரிப்போர்ட்டையும் இந்தக் கடிதத்தில் எழுதிய எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போங்கள். நீங்களாக 75-க்குத் திரும்ப வேண்டாம். தைராய்டு மாத்திரையின் மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். அளவை மாற்றினால் அது நிலைபெற ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். அதற்கு முன் பார்க்கும் எந்த டி.எஸ்.ஹெச்.சும் பாதிக் கதைதான். அடுத்த குழந்தைக்குத் திட்டம் இருந்தால் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தில் தைராய்டு அளவு மிக முக்கியம், மாத்திரைத் தேவையும் கூடும்.

அடுத்து உங்கள் காலை நேரம். மாத்திரையைப் போட்டவுடன் டீ, ஒன்றரை மணி நேரத்தில் இரும்பும் கால்சியமும். வெறும் வயிற்றில், தண்ணீரோடு போட்டாலே தைராய்டு மருந்தில் 60 முதல் 80 சதவீதம்தான் உடம்பில் ஏறும். டீ, காபி, சாப்பாடு எல்லாம் அதை இன்னும் குறைக்கும். இரும்பும் கால்சியமும் குடலிலேயே மருந்தைக் கட்டிப் போட்டுவிடும். நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று சொல்வது அதனால்தான். "மாத்திரை ஒழுங்காகத்தான் போடுகிறேன் டாக்டர், ஆனாலும் டி.எஸ்.ஹெச். இறங்கவில்லை" என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அதன் பிறகு என்ன குடிக்கிறீர்கள் என்றுதான்.

எழுந்ததும் மாத்திரையைத் தண்ணீரோடு போடுங்கள். டீ குடிக்க முக்கால் மணி, ஒரு மணி நேரம் பொறுங்கள். மெட்ஃபார்மின் காலைச் சாப்பாட்டோடு. இரும்பு மாத்திரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ எடுத்தால் நன்றாகச் சேரும், டீ குடித்தால் சேராது. கால்சியம் இரவுச் சாப்பாட்டோடு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் கால்சியம் இரும்பைத் தடுக்கும், அதனால்தான் பிரிக்கச் சொல்கிறேன். வீட்டு வேலையில் காலை நேரம் ஒத்துவரவில்லை என்றால், டாக்டரிடம் கேட்டுத் தைராய்டு மாத்திரையை இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அப்போது சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், கால்சியத்தையும் மதியம் பக்கம் நகர்த்த வேண்டியிருக்கும்.

அப்புறம், சாப்பாடு. எதைச் சாப்பிட்டால் ஹார்மோன் சரியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஹார்மோன் என்று ஒன்று இல்லை. உடம்பில் பல உண்டு. அவற்றில், தட்டில் இருப்பதற்கு நிமிடக் கணக்கில் பதில் சொல்வது இன்சுலின். உங்கள் நீர்க்கட்டிக்கும் சர்க்கரைக்கும் நடுவே நிற்பதும் அதுதான். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் காது கொடுக்காதபோது கணையம் இன்னும் இன்னும் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. கல்லீரலில் அந்த டெஸ்டோஸ்டிரோனைக் கட்டி வைக்கும் புரதம் உருவாவதையும் குறைக்கிறது. அதனால் புரதத்தில் கட்டப்படாத டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் கூடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்தில் முடி, உச்சந்தலையில் முடி மெலிவது எல்லாம் இதிலிருந்து கிளம்புகின்றன. ஆக, இன்சுலினை இறக்குவதுதான் உங்களுக்கான 'ஹார்மோன் உணவு'.

இந்த இடத்தில் உங்கள் கேழ்வரகுக் கஞ்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேழ்வரகு நல்ல தானியம், அதில் கால்சியம் அதிகம். ஆனால் மாவாக அரைத்து, தண்ணீரில் குழைய வேகவைத்துக் குடித்தால் அது வயிற்றில் நிற்பதேயில்லை. சர்க்கரை வேகமாக ஏறும். சிறுதானியம் என்ற பெயருக்காக மட்டும் இன்சுலின் இறங்காது. முழுத்தானியமாக, மெல்ல வேண்டியதாக, பருப்போடும் காய்கறியோடும் சாப்பிடும்போதுதான் அதன் பலன் தெரியும். நாட்டுச்சர்க்கரை, தேன், கருப்பட்டி மூன்றையும் பற்றி இதே கேள்வி நிறைய வருகிறது. இன்சுலினுக்கு அவை சர்க்கரைதான்.

நம் சாப்பாட்டின் குறை எங்கே என்பதற்கு ஒரு பெரிய கணக்கே இருக்கிறது. ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் என்ற நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியர்கள் சாப்பிடும் கலோரிகளில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதம் பின்தங்கி நிற்கிறது. உங்கள் நாளையே எடுத்துக்கொள்வோம். காலையில் கஞ்சி, மதியம் சாதம், இரவு பட்டினி. 72 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 60 கிராம் அளவுக்காவது புரதம் தேவை. நீங்கள் அதில் பாதியைத் தாண்டுவதே சந்தேகம்தான். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. நாட்டுக்கே முட்டை அனுப்பும் ஊரில் இருக்கிறீர்கள்! காலையில் கஞ்சிக்குப் பதில் இரண்டு முட்டை, இரண்டு இட்லி, பருப்பு நிறையப் போட்ட சாம்பார் என்று வைத்துக்கொண்டால் மதியம்வரை பசி தெரியாது. சைவம் என்றால் பச்சைப்பயறு அடையோ ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலோ. மதியம் தட்டில் முதலில் பொரியலும் கூட்டும் வந்து உட்காரட்டும், பிறகு பருப்போ மீனோ தயிரோ, மிச்ச இடத்தில் சாதம். காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுச் சாதத்தைக் கடைசியில் சாப்பிட்டால், அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் வாசலிலோ மொட்டை மாடியிலோ நடந்தால் தசைகளே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் செலவே இல்லை.

எடை எவ்வளவு குறைய வேண்டும் என்று மலைக்க வேண்டாம். நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு 5 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகத் தொடங்குகிறது. உங்களுக்கு அது மூன்றரைக் கிலோ. தைராய்டால் ஏறிய எடை பெரும்பாலும் நீரும் உப்பும்தான்; மாத்திரை அளவு சரியானால் அதில் ஒரு பங்கு தானாக இறங்கும்.

இரவுச் சாப்பாட்டை விட்டதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. உடம்பு அதைப் பத்தியமாகப் பார்க்காது, பஞ்சமாகப் பார்க்கும். சாப்பாடு திடீரென்று மிகவும் குறைந்தால் டி4-ஐ வேலை செய்யும் டி3-ஆக மாற்றுவதை உடம்பு தானே குறைத்துக்கொள்ளும், சக்தியைச் சேமிக்க. மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் சைகைகளும் அடங்கும். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-இல் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தபோது ஏராளமான பெண்களுக்கு மாதவிலக்கே நின்றுபோனது. உங்களுடையது அந்த அளவு இல்லை, உண்மைதான். ஆனால் தைராய்டு மாத்திரையும் குறைந்திருக்கும் நேரத்தில் சாப்பாட்டையும் குறைத்தால் உடம்பு இரண்டு பக்கமும் இழுபடும். முடியின் கதையும் இதில் சேர்ந்ததே. உடம்புக்கு ஒரு அதிர்ச்சி நேர்ந்தால் முடி உடனே கொட்டாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். அதனால் காரணம் ஒன்று இருக்க, நாம் வேறொன்றைச் சந்தேகிப்போம். இரவு எட்டு மணிக்குள் எளிமையாக, ஆனால் கண்டிப்பாகச் சாப்பிடுங்கள்.

முடிக்குப் பயோட்டின் உதவுவது பயோட்டின் குறைபாடு உள்ளவர்களுக்குத்தான். கலப்பு உணவு சாப்பிடும் நம்மில் அது மிக அரிது. உங்கள் வயதுப் பெண்ணுக்கு முடி கொட்டினால் நான் பார்ப்பது மூன்று: தைராய்டு, ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்), வைட்டமின் பி12. இந்த பி12-ஐ மறந்துவிடாதீர்கள். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு அது குடலில் சேர்வது குறைகிறது. கால் பாதத்தில் மதமதப்பு, எறும்பு ஊர்வதுபோல உணர்வு இருந்தால் உடனே பாருங்கள். இல்லாவிட்டாலும் மூன்று வருடம் ஆகிவிட்டதால் ஒருமுறை பார்ப்பது நல்லது. சத்து மாத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பரிசோதனையில் குறைவு என்று தெரிந்த சத்தைக் குறைந்த அளவுக்கேற்பக் கொடுத்தால் அது மருந்து.

முட்டைக்கோஸையும் காலிஃபிளவரையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். அவற்றில் தைராய்டு அயோடினை எடுப்பதைத் தடுக்கும் பொருள் கொஞ்சம் உண்டு. வேகவைத்தால் பெருமளவு குறைந்துவிடும், அயோடின் போதுமான அளவு கிடைக்கிறவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. மரவள்ளியும் அப்படித்தான், நன்றாக வேகவைத்து எப்போதாவது சாப்பிட்டால் தைராய்டுக்கு ஒன்றும் ஆகாது. அது முழுக்க மாவு என்பதால் உங்கள் சர்க்கரைக்காக அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியம் உங்கள் வீட்டு உப்பு. 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு பகுதிக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். சில வருடங்களில் அயோடின் உப்பு சாப்பிட்ட ஊர்களில் கழுத்துக்கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் தேசிய அளவில் திட்டமே வந்தது. அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த உப்பை விட்டுவிட்டு, இன்று பல வீடுகளில் இந்துப்பும் அயோடின் இல்லாத கல் உப்பும் 'இயற்கை' என்ற பெயரில் திரும்பி வந்திருப்பதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. பாக்கெட்டில் அயோடின் கலந்தது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதற்காகக் கடற்பாசி மாத்திரைக்கும் போய்விடாதீர்கள். அயோடின் மிஞ்சினாலும் தைராய்டு கெடும்.

இனி அந்தப் பவுடர். அதில் என்ன இருக்கிறது என்று பாக்கெட் சொல்வதையே நாம் நம்ப வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 'தைராய்டுக்கு உதவும்' என்று கடையில் விற்ற பத்துச் சத்து மாத்திரைகளைப் பரிசோதித்து 2013-இல் ஒரு ஆய்வு வெளியானது. பத்தில் ஒன்பதில் டி3 ஹார்மோனே இருந்தது, ஐந்தில் டி4-உம் இருந்தது. மூலிகை என்று நினைத்து ஹார்மோனையே சாப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் பவுடரில் அப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒரு வைட்டமின் ரிப்போர்ட்டைக் குழப்பி, ஒரு மூலிகை சந்தேகத்தைக் கூட்டி, இரண்டு சத்து மாத்திரைகள் மருந்தைத் தடுத்திருக்கும் உடம்பில், உள்ளே என்ன என்று தெரியாத ஐந்தாவது ஒன்றைச் சேர்க்க வேண்டாம் என்கிறேன். அந்த 2,800 ரூபாயில் பி12-உம் ஃபெரிட்டினும் தைராய்டும் பார்த்துவிட்டு, மிச்சத்துக்கு முட்டை வாங்கலாம்.

மகளைப் பற்றி. கம்மியை இன்றே நிறுத்திவிடுங்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அதற்குத் தேவையே இல்லை. மிட்டாய் போல இருப்பதால் பாட்டிலைத் திறந்து நாலைந்து எடுத்துத் தின்றுவிடும் ஆபத்தும் உண்டு, அதனால் வீட்டில் மீதி இருந்தால் கைக்கு எட்டாத இடத்தில்கூட வைக்க வேண்டாம், எறிந்துவிடுங்கள். அவளுக்கு நாளை ஏதாவது ரத்தப் பரிசோதனை செய்ய நேர்ந்தால் கம்மி சாப்பிட்டு வந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். அவளுக்கும் முடி கொட்டுகிறதா, அல்லது உங்களுக்குக் கொட்டுவதைப் பார்த்து முன்கூட்டியே கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. கொட்டுகிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டி ரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பள்ளி விட்டு வந்ததும் ஒரு கைப்பிடி வேர்க்கடலை போதும்.